பெயர் அதே, பொம்மை வேறு: ஆக்‌ஷன் ஃபிகர் ஏக்கமும் மாறிக்கொண்டே இருக்கும் பொம்மை வரிசைகளும்

பல ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்த, ஜி.ஐ. ஜோ என்ற பழைய அமெரிக்கப் படைவீரப் பொம்மை ஒன்றைக் கையில் எடுத்தவுடன் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான்: இடுப்பு தளர்ந்து, மேலுடல் ஒரு பக்கமும் கால்கள் இன்னொரு பக்கமுமாகக் கழன்று விழும். உடைந்துவிட்டதோ என்று பதற வேண்டியதில்லை. முதுகின் நடுவில் இருக்கும் சிறிய திருகாணியைக் கழற்றினால் நெஞ்சும் முதுகும் இரண்டு ஓடுகளாகப் பிரியும். உள்ளே, கால்களைக் கோத்திருக்கும் உலோகக் கொக்கியை மேலுடலோடு இழுத்துப் பிடித்திருந்த கறுப்பு ரப்பர் வளையம் காய்ந்து, விரல் பட்டாலே பொடியும் நிலையில் கிடக்கும். மெக்கானிக்குகள் ஓ-ரிங் என்று சொல்வார்களே, அதே வளையம்தான். ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1982இல் வெளியிடத் தொடங்கிய 3.75 அங்குலப் பொம்மைகள் இந்த ஒற்றை வளையத்தை நம்பித்தான் நின்றன, குனிந்தன, உட்கார்ந்தன. என்னிடம் எஞ்சியிருக்கும் ஒன்றுக்கு இதுவரை 2 முறை வளையம் மாற்றியிருக்கிறேன்.

வளையத்தை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. அதே பெயரில் இன்று விற்கும் பொம்மையைப் பார்க்கும்போது எழும் அந்நிய உணர்வுதான் எளிதில் விளங்காதது. 2020இல் தொடங்கிய புதிய ஜி.ஐ. ஜோ வரிசையின் பொம்மைகள் 6 அங்குல உயரம் கொண்டவை, முழங்கையும் முழங்காலும் நன்றாக மடிகின்றன, மணிக்கட்டு சுழல்கிறது, முகத்தின் வண்ணப்பூச்சு நிழற்படத்துக்கு நெருக்கமாக இருக்கிறது. செய்நேர்த்தியை வைத்துப் பார்த்தால் பழையது இதன் பக்கத்தில் நிற்கவே முடியாது. இருந்தும், பழையதோடு வளர்ந்தவர்களில் பலர் புதியதை ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இது அது இல்லை" என்று திரும்ப வைத்துவிடுகிறார்கள். மனம் ஏன் ஒரு குறிப்பிட்ட வடிவத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறது என்பது ஒரு கேள்வி. பொம்மை வரிசைகள் ஏன் அந்த வடிவத்திலேயே நின்றுவிடுவதில்லை என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் தனித்தனியாகக் கேட்பதே வழக்கம். என் பார்வையில் இரண்டாவதன் விடையில் பாதி முதலாவதிலேயே இருக்கிறது: நம்முடைய ஏக்கமே பொம்மையை மாற்றும் சக்திகளுள் ஒன்றாக ஆகிவிட்டது.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஆக்‌ஷன் ஃபிகர் என்பது ஒரு கதாபாத்திரத்தின் உருவில், கழுத்து, தோள், இடுப்பு முதலிய இடங்களில் அசையும் மூட்டுகளோடு செய்யப்பட்ட சிறிய பொம்மை. இந்தப் பெயர் 1964இல் ஹாஸ்ப்ரோ தன் முதல் ஜி.ஐ. ஜோவைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது பிறந்தது. ஏறத்தாழ 12 அங்குல உயரமும், கழற்றி மாட்டக்கூடிய துணி உடைகளும் கொண்ட அந்தப் படைவீரன், 1959இல் வெளிவந்த பார்பியின் வணிக உத்தியைச் சிறுவர்களுக்காகத் திருப்பிப் போட்டவன் என்று சொன்னால் தவறில்லை: பொம்மையை ஒரு முறை விற்றுவிட்டு, உடைகளையும் துணைப்பொருள்களையும் தொடர்ந்து விற்கலாம். ஆனால் சிறுவர்கள் ‘டால்’ வைத்து விளையாடுவார்கள் என்று அன்றைய கடைக்காரர்களோ பெற்றோரோ ஏற்கத் தயாராக இல்லை. ஆகவே அந்தச் சொல்லையே நிறுவனம் தன் விற்பனையாளர்களின் வாயில் வரவிடாமல் தடுத்து, அந்த இடத்தில் ஆக்‌ஷன் ஃபிகர் என்ற புதுச் சொல்லைப் புழக்கத்தில் விட்டது. மனித உருவம் பொதுவானது, அதற்குத் தனியுரிமை கோருவது கடினம் என்பதால், போலிகளை அடையாளம் காண வலது கன்னத்தில் ஒரு தழும்பும், வலது கட்டைவிரலின் நகம் தவறான பக்கத்தில் இருக்கும் ஒரு பிழையும் அடையாளக் குறிகளாகப் பயன்பட்டன. பிழையே முத்திரையான அந்தக் கட்டைவிரலை இன்றும் சேகரிப்பாளர்கள் முதலில் திருப்பிப் பார்ப்பார்கள்.

பெயரை மாற்றியதன் நீட்சி எதிர்பாராத ஓர் இடத்தில் போய் முடிந்தது. அமெரிக்கச் சுங்க விதிகளின்படி அப்போது ‘டால்’களுக்கு 12 விழுக்காடும் மற்ற விளையாட்டுப் பொருள்களுக்கு 6.8 விழுக்காடும் இறக்குமதி வரி. மனிதனைக் குறிக்கும் உருவமே ‘டால்’ என்பதால், எக்ஸ்-மென் என்ற காமிக்ஸ் பாத்திரங்களின் பொம்மைகளை இறக்குமதி செய்த டாய் பிஸ் நிறுவனம் தன் பாத்திரங்கள் மனிதர்கள் அல்லர் என்று வழக்காடியது. 2003இல் சர்வதேச வணிக நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. கதைகளில் தங்களையும் மனிதர்களாக நடத்துங்கள் என்று போராடும் பாத்திரங்களை, வரி குறைய வேண்டும் என்பதற்காக மனிதர்களே இல்லை என்று தீர்ப்பு எழுத வைத்தார்கள்.

அடுத்த சொல், பொம்மை வரிசை. ஒரே உயர அளவு, ஒரே வகை உடலமைப்பு, ஒரே கதையுலகம் ஆகியவற்றைப் பகிர்ந்துகொண்டு ஆண்டுக்காண்டு புதிய பாத்திரங்களைச் சேர்த்துக்கொண்டு போகும் தொகுதியைத்தான் வரிசை என்கிறோம். பொம்மை ஒட்டப்பட்டிருந்த அட்டையின் பின்புறத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: சதுரம் சதுரமாக மற்ற பாத்திரங்களின் சிறிய படங்கள், ஒவ்வொன்றின் கீழும் பெயர். கையில் ஒன்றுதான் இருக்கும். இல்லாதவை அத்தனையும் அட்டையில் இருக்கும். பேனாவால் அவற்றில் டிக் அடித்து வைத்த அட்டைகள் இன்றும் பழம்பொருள் விற்பனைக்கு வருகின்றன. அப்படிக் கோடு விழுந்த அட்டைக்குச் சந்தையில் மதிப்புக் குறைவு என்பது எனக்கு எப்போதும் விசித்திரமாகவே படும், ஏனென்றால் அந்தப் பேனாக் கோடுதான் அந்த வரிசை ஒரு குழந்தையின் மனத்தில் எப்படி இயங்கியது என்பதற்கு எஞ்சியிருக்கும் ஒரே சான்று.

வரிசை ஏன் மாறுகிறது என்று கேட்டால், பலரும் உடனே பேராசை என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது ஓரளவு உண்மை என்றாலும், அதற்கு முன்னால் வரும் காரணங்கள் பொருள்சார்ந்தவை. பொம்மை பிளாஸ்டிக்கால் ஆனது, பிளாஸ்டிக் கச்சா எண்ணெயிலிருந்து வருவது. 1973இல் எண்ணெய் விலை திடீரென்று உயர்ந்தபோது 12 அங்குலப் பொம்மையைச் செய்வது கட்டுப்படியாகாமல் போகத் தொடங்கியது. வியட்நாம் போரால் படைவீரப் பொம்மைகளின் மேல் ஏற்கெனவே மக்களுக்கு ஒரு சலிப்பும் இருந்தது. பெரிய ஜி.ஐ. ஜோ 1976இல் நிறுத்தப்பட்டான். அதே காலத்தில் ஜப்பானில் டகாரா நிறுவனம் 1974இல் மைக்ரோமேன் என்ற உள்ளங்கை அளவு வரிசையைத் தொடங்கியிருந்தது. அமெரிக்காவில் மீகோ நிறுவனம் 8 அங்குல உயரத்தில், துணி உடை போட்ட சூப்பர் ஹீரோக்களை விற்றுக்கொண்டிருந்தது. உயரம் சுருங்க வேண்டிய நிலைமை எல்லா இடத்திலும் இருந்தது. எந்த அளவுக்குச் சுருங்கும் என்பது மட்டும் முடிவாகாமல் இருந்தது.

முடிவு செய்தது கென்னர் நிறுவனம். 1977இல் ஸ்டார் வார்ஸ் திரைப்படம் வெளிவந்தபோது அதன் பொம்மை உரிமம் கென்னரிடம் இருந்தது; மீகோவுக்கு அந்த வாய்ப்பு வந்தும் அது வேண்டாம் என்று விட்டிருந்தது. படத்தில் விண்கலங்கள் முக்கியம். 12 அங்குல வீரன் உட்காரும் அளவுக்கு ஒரு விண்கலம் செய்தால் அது மேசை அளவுக்கு வரும், அதை யாராலும் வாங்க முடியாது. ஆகவே பாத்திரங்களை 3.75 அங்குலமாகச் சுருக்கினார்கள். கழுத்து, இரண்டு தோள், இரண்டு இடுப்பு என 5 மூட்டுகள் மட்டும். முழங்கால் மடியாது, ஆகையால் உட்காரும்போது கால்கள் நேராக நீட்டிக்கொண்டிருக்கும். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகள் தயாராகவில்லை என்பதால், பிறகு அஞ்சலில் 4 பொம்மைகள் வரும் என்று உறுதி தரும் சான்றிதழையும் ஓர் அட்டைக் காட்சிப் பலகையையும் உறையில் போட்டு விற்றார்கள். பொம்மை இல்லாத பொம்மைப் பெட்டியையும் மக்கள் வாங்கினார்கள். 3.75 அங்குலம் அதன்பின் ஒரு தலைமுறைக்கே இயல்பான அளவாகிவிட்டது; ஹாஸ்ப்ரோ 1982இல் ஜி.ஐ. ஜோவை மீண்டும் கொண்டுவந்தபோது அதே அளவைத்தான் எடுத்துக்கொண்டது.

ஆக, இன்று "உண்மையான அளவு" என்று பழைய ரசிகர் ஒருவர் விடாப்பிடியாகச் சொல்வது, எண்ணெய் விலையும் விண்கலத்தின் அகலமும் சேர்ந்து எடுத்த ஒரு முடிவு. அது தெரிந்த பிறகும் எனக்கு 3.75 அங்குலம்தான் சரியாகப் படுகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அச்சைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பொம்மை வரிசையின் பொருளாதாரம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தத்தோடு செலுத்தும் உலோக அச்சைக் கடைவதுதான் பெரிய செலவு. அதிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு பொம்மைக்கும் ஆகும் பிளாஸ்டிக் செலவு அதோடு ஒப்பிட்டால் சிறியது. எனவே ஓர் அச்சை எத்தனை பாத்திரங்களுக்குப் பயன்படுத்த முடியுமோ அத்தனைக்கும் பயன்படுத்துவார்கள். மேட்டல் நிறுவனம் 1982இல் தொடங்கிய மாஸ்டர்ஸ் ஆஃப் தி யூனிவர்ஸ் வரிசையில், தலையையும் கவசத்தையும் மாற்றிவிட்டு ஒரே முறுக்கேறிய உடலைப் பல பாத்திரங்களுக்குக் கொடுத்தார்கள். கதாநாயகன் ஹீ-மேன் சவாரி செய்யும் பச்சைப் புலி, பிக் ஜிம் என்ற பழைய வரிசைக்காகச் செய்த புலியின் அச்சில் வார்த்தது. பிக் ஜிம் ஹீ-மேனைவிட உயரமான பொம்மை. அவனுக்கு அளவாக இருந்த புலி, 5.5 அங்குல ஹீ-மேனுக்கு அருகில் குதிரை அளவுக்குத் தெரிந்தது. குதிரை அளவென்றால் மேலே ஏறி உட்கார வைக்கலாமே என்று சேணத்தையும் முகமூடியையும் சேர்த்தார்கள். கிடங்கில் கிடந்த ஓர் அச்சு, கற்பனையுலகத்தின் ஒரு விலங்கையே பிறப்பித்துவிட்டது.

பாதுகாப்பு விதிகளும் வடிவத்தை மாற்றியிருக்கின்றன. 1970களின் இறுதியில், ஸ்பிரிங்கில் பாயும் சிறிய ஏவுகணை கொண்ட ஒரு விண்கலப் பொம்மையால் ஒரு குழந்தை மூச்சடைத்து இறந்த பிறகு, அத்தகைய பொறிகளின் மேல் நிறுவனங்களுக்கே அச்சம் வந்தது. முதுகிலிருந்து ராக்கெட் பாயும் என்று விளம்பரப்படுத்தப்பட்ட, போபா ஃபெட் என்ற ஸ்டார் வார்ஸ் பாத்திரத்தின் பொம்மை, 1979இல் ராக்கெட் அசையாதபடி ஒட்டப்பட்டே குழந்தைகளுக்கு அஞ்சலில் வந்தது. விற்பனைக்கு வராமல் போன, ராக்கெட் பாயும் மாதிரிகளுள் சில இன்று லட்சக்கணக்கான டாலருக்கு ஏலம் போகின்றன. வேறு பொருளாக உருமாறும் ரோபோ பொம்மைகளான டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையில், கைத்துப்பாக்கியாக மாறும் வில்லன் மெகட்ரான் 1990களில் டாங்கியாக மாறத் தொடங்கியதற்கும், அசல் போலத் தெரியும் பொம்மைத் துப்பாக்கிகள்மேல் எழுந்த கட்டுப்பாடுகள் ஒரு முக்கியக் காரணம்.

தொலைக்காட்சியை விட்டுவிட்டு இந்த வரலாற்றைச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் குழந்தைகள் நிகழ்ச்சிகளின் விளம்பர நேரத்துக்கு இருந்த வரம்பை அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் 1984இல் நீக்கியது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே ஹீ-மேன் கார்ட்டூன் தொடராகியிருந்தான். இப்போது பொம்மைக்காகவே கதை எழுதுவது முழுத் தொழிலாகியது. டகாராவின் டயக்ளோன், மைக்ரோ சேஞ்ச் என்ற இரண்டு வெவ்வேறு ஜப்பானிய வரிசைகளிலிருந்து பொம்மைகளை வாங்கி, அவற்றுக்குப் பெயரும் குணமும் பகையும் எழுதி, 1984இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற ஒரே குடும்பமாக்கியது ஹாஸ்ப்ரோ. பொம்மை முதலில், கதை பிறகு.

இந்த ஏற்பாட்டின் விலையை 1986இல் குழந்தைகள் கொடுத்தார்கள். அந்த ஆண்டு வெளிவந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் திரைப்படத்தில், படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே தலைவன் ஆப்டிமஸ் பிரைம் இறந்துபோகிறான். அவனோடு முதல் இரண்டு ஆண்டுப் பாத்திரங்களில் பலரும் அழிகிறார்கள். காரணம் கதையில் இல்லை, விற்பனைப் பட்டியலில் இருந்தது: பழைய பொம்மைகள் கடைகளிலிருந்து விலகப்போகின்றன, புதியவற்றுக்கு இடம் வேண்டும். எழுதியவர்களுக்கு அது இருப்பு மாற்றம். திரையரங்கில் உட்கார்ந்திருந்த குழந்தைக்கோ அது ஒரு சாவு, அதுவும் வீட்டில் கட்டில் அடியில் நிற்கும் ஒருவனின் சாவு. அழுத குழந்தைகளும் கோபப்பட்ட பெற்றோரும் சேர்ந்து எழுப்பிய எதிர்ப்பில், 1987இல் தொலைக்காட்சித் தொடரில் அவனை உயிர்ப்பித்தார்கள். அதே ஆண்டு வந்த ஜி.ஐ. ஜோ படத்தில் இறப்பதாக இருந்த டியூக் என்ற பாத்திரம், ஒரு வசனத்தைச் சேர்த்து, மயக்கத்தில் இருப்பதாக மாற்றப்பட்டது. நிறுவனத்தின் கணக்கில் பொம்மை ஒரு சரக்கு எண், வாங்கியவனின் கணக்கில் அது ஓர் ஆள் என்ற வேறுபாடு இவ்வளவு வெளிப்படையாகத் தெரிந்தது அதுவே முதல் முறை என்று நினைக்கிறேன். நாம் பேசும் ஏக்கத்தின் விதையும் அங்கேதான் இருக்கிறது.

ஏக்கம் என்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் நாஸ்டால்ஜியா என்ற சொல்லை, 1688இல் யோகான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் பாசெல் பல்கலைக்கழகத்தில் தன் ஆய்வேட்டில் உருவாக்கினார். வீடு திரும்புதல் என்று பொருள்படும் ஒரு கிரேக்கச் சொல்லையும் வலி என்று பொருள்படும் இன்னொன்றையும் ஒட்டி, அயல்நாட்டில் வாழும் சுவிஸ் மக்களை வாட்டிய ஒரு நோய்க்கு அவர் இட்ட பெயர் அது. அன்று அதற்கு மருந்து இருந்தது: ஊருக்கு அனுப்பிவிட்டால் நோய் தீரும். பின்னால் அந்தச் சொல் இடத்தைவிட்டுக் காலத்தைக் குறிக்கத் தொடங்கியது. காலத்துக்குத் திரும்பிப் போக வண்டி கிடையாது. கைக்கு அகப்படும் பொருள் ஒன்றே மிச்சம் என்பதால், ஏக்கம் பொருளின்மேல் போய் ஏறிக்கொள்கிறது.

குழந்தைகள் சில பொருள்களை ஏன் விடுவதில்லை என்பதை 1951இல் விளக்கியவர், பிரிட்டிஷ் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட். தாயிடமிருந்து மெல்லப் பிரியும் காலத்தில் குழந்தை ஒரு போர்வை நுனியையோ துணிக் கரடியையோ இறுகப் பற்றிக்கொள்கிறது. அதைத் துவைத்தால்கூட அழும், ஏனென்றால் வாசனை மாறினால் பொருளே மாறிவிடுகிறது. ஆனால் அதே வின்னிகாட் இன்னொன்றையும் சொன்னார்: அந்தப் போர்வையைக் குழந்தை ஒருநாள் மறப்பதும் இல்லை, அதற்காகத் துக்கப்படுவதும் இல்லை, அது மெல்ல மெல்லப் பொருளிழந்து ஓரமாகப் போய்விடும். ஆக்‌ஷன் ஃபிகர் அப்படி ஓரமாகப் போவதில்லை என்பதே என் அனுபவம். அது சற்றுப் பிந்தி, ஐந்தாறு வயதில் வருகிறது. பெயரோடும் குரலோடும் பகைவர்களோடும் வருகிறது. குழந்தை அதை வைத்துத் தூங்குவதில்லை, கதை சொல்கிறது. மடியாத முழங்காலோடு ஒரு வீரனை மலையேற்ற வேண்டும் என்றால், மலையேறுவதை வாயால்தான் செய்ய வேண்டும். பொம்மை செய்யாததைக் குழந்தை செய்து நிரப்பியது. பெரியவரான பிறகு அந்தப் பொம்மையைத் தொடும்போது திரும்பி வருவது பிளாஸ்டிக் மட்டும் அன்று, அதைச் சுற்றித் தான் போட்ட உழைப்பும்கூட. புதிய பொம்மை, முப்பது மூட்டுகளோடு மலையேறும் நிலையில் தானே நின்றுகொள்கிறது. "இது அது இல்லை" என்பதன் பொருள் இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

நினைவு இன்னொரு தில்லுமுல்லும் செய்கிறது. அன்று அந்தப் பொம்மை உள்ளங்கையை நிறைத்தது. இன்று அது இரண்டு விரல்களுக்கு இடையில் தொங்குகிறது. பொம்மை சுருங்கவில்லை, கை வளர்ந்துவிட்டது. மேலும், நம் மனத்தில் தங்கிய முகம் பெரும்பாலும் பொம்மையின் முகமே அன்று; அது அட்டையில் வரைந்திருந்த ஓவியத்தின் முகம், அல்லது கார்ட்டூனில் பார்த்த முகம். பொம்மையின் கண்களில் ஒன்று சற்றே மேலே அச்சாகியிருந்ததை நாம் அப்போதே மன்னித்து மறந்துவிட்டோம்.

ஆகையால், பழைய பொம்மையை மறுபடி செய்து தருகிறோம் என்று ஒரு நிறுவனம் முன்வரும்போது, எதை மறுபடி செய்வது என்ற கேள்வி எழுகிறது: இருந்ததையா, நினைவில் இருப்பதையா? நாஸ்டால்ஜியாவை ஆராய்ந்த ஸ்வெட்லானா போய்ம், இழந்ததை அப்படியே கட்டியெழுப்ப முயலும் ஏக்கம் ஒன்று, இழந்துவிட்டோம் என்பதிலேயே நின்று அசைபோடும் ஏக்கம் ஒன்று என்று இரண்டாகப் பிரித்தார். பொம்மைக் கடையில் இரண்டும் விலைக்கு உண்டு, இன்னும் நுட்பமான கலப்படங்களோடு. 2008இல் மேட்டல் தொடங்கிய மாஸ்டர்ஸ் ஆஃப் தி யூனிவர்ஸ் கிளாசிக்ஸ் வரிசை நினைவில் இருப்பதைச் செய்தது: பழைய ஹீ-மேனைவிட உயரம், நுணுக்கமான தசை, நிறைய மூட்டுகள், ஆனால் பார்த்தவுடன் "இவன்தான்" என்று சொல்ல வைக்கும் முகம். மறுபக்கம், ஹாஸ்ப்ரோ 2019இல் வெளியிட்ட ஸ்டார் வார்ஸ் ரெட்ரோ வரிசை, இருந்ததை அப்படியே செய்ய முயன்றது: அதே 3.75 அங்குலம், அதே 5 மூட்டு, அட்டையின் ஓரங்களில் நாள்பட்ட தேய்மானம் தெரியும்படியான அச்சு வேலை. பழையதாகவே பிறந்த புத்தம்புதுப் பொம்மை. எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, ஒன்று வாங்கவும் செய்தேன்.

இந்தத் திருப்பம் 1990களில் தொடங்கியது. 1995இல் கென்னர் ஸ்டார் வார்ஸ் பொம்மைகளை மீண்டும் கொண்டுவந்தபோது, அவை அக்காலக் குழந்தைகளின் ரசனையை எண்ணி, உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து நேராக வந்தவர்களைப் போல மார்பு புடைத்து நின்றன. கதாநாயகியான இளவரசி லேயாவும் அதற்கு விலக்கில்லை. வாங்கியவர்களிலோ, 1978இல் குழந்தைகளாக இருந்தவர்கள் ஏராளம். அதற்கு ஓர் ஆண்டு முன்பே, 1994இல், டாட் மெக்ஃபார்லேன் தொடங்கிய நிறுவனம் ஸ்பான் என்ற காமிக்ஸ் பாத்திரத்தை விளையாடுவதைவிட அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்கு ஏற்ற நுணுக்கத்தோடு வெளியிட்டு, பெரியவர்கள் வாங்குவார்கள் என்று நிரூபித்திருந்தது. 2002இல் மார்வெல் லெஜண்ட்ஸ், 2013இல் ஸ்டார் வார்ஸ் பிளாக் சீரிஸ் என்று அடுத்தடுத்து வந்த வரிசைகளால் 6 அங்குலம் பெரியவர்களின் அளவாக நிலைபெற்றது. குழந்தைகளின் விரலுக்கும் விண்கலத்துக்கும் ஏற்ற அளவு பின்வாங்கி, அலமாரித் தட்டுக்கு ஏற்ற அளவு முன்னுக்கு வந்தது.

ஒன்றாம் வகுப்பில் பாடம் எடுக்கத் தொடங்கி, மாணவர்கள் தேறித் தேறி மேலே போகப் போகத் தானும் அவர்களோடு போய்விட்ட ஆசிரியரைப் போல, சில பொம்மை வரிசைகள் ஒரே தலைமுறையைத் தொடர்ந்து அதனுடைய வயதுக்கே வந்து சேர்ந்துவிட்டன. பெட்டியின் மூலையில் "4 வயதுக்கு மேல்" என்று இருந்த குறி, சேகரிப்பாளர் வரிசைகளில் "14 வயதுக்கு மேல்" என்றோ அதற்கும் மேலாகவோ மாறியிருக்கும். இது வெறும் அலங்காரக் குறி அன்று. அமெரிக்கச் சட்டத்தில் 12 வயது வரையிலான குழந்தைகளுக்கென்று செய்யும் பொருளுக்கும், ஐரோப்பிய விதிகளில் 14 வயதுக்கு உட்பட்டோருக்கான விளையாட்டுப் பொருளுக்கும் தனிச் சோதனைகள் உண்டு. அந்த வயதைத் தாண்டிவிட்டால் கூர்மையான வாள், மெல்லிய கம்பி, சிறிய துணுக்கு ஆகியவற்றைச் செய்ய இடம் கிடைக்கிறது. 2018இல் ஹாஸ்ப்ரோ, ஜப்பா என்ற ஸ்டார் வார்ஸ் பாத்திரத்தின் பாய்மரப் படகைச் செய்ய, 5,000 பேர் முன்பணம் உறுதி செய்தால்தான் தயாரிப்போம் என்று அறிவித்து, ஒவ்வொருவரிடமும் 499.99 டாலர் கேட்டது. இலக்கு தாண்டியது. 1980களில் எந்தக் குழந்தைக்கும் கிடைக்காத ஒரு படகை, அந்தக் குழந்தைகளே வளர்ந்து சம்பளம் வாங்கிச் செய்ய வைத்தார்கள். இல்லாமல் போன பொம்மைக்கும் ஏங்க முடியும் என்பதை அதற்கு முன் நான் நினைத்துப் பார்த்ததில்லை.

இதில் குழந்தைகள் முற்றிலும் விடுபட்டுப்போனார்கள் என்று சொல்வது மிகை. பிளாக் சீரிஸ் தொடங்கிய அதே 2013இல், 5 மூட்டு மட்டும் கொண்ட எளிய ஸ்டார் வார்ஸ் பொம்மைகளும் குழந்தைகளுக்காக வந்தன. அப்போது பழைய ரசிகர்கள், செலவைக் குறைக்க மூட்டுகளைத் திருடிவிட்டார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். ஆறு ஆண்டு கழித்து அதே 5 மூட்டு பழைய அட்டையில் வந்தபோது அதில் பலருக்குக் குறையொன்றும் தெரியவில்லை.

தொடக்கநிலையில் சேகரிக்க வருபவர்களுக்கு நடைமுறையில் சொல்ல வேண்டியது சில உண்டு. பழைய பொம்மை மாறாமல் இருக்கிறது என்ற எண்ணமே தவறு. அதுவும் மாறிக்கொண்டிருக்கிறது, வேதியியலின்படி. வெயில் பட்டால் வெள்ளை ஏபிஎஸ் பிளாஸ்டிக் மஞ்சளாகும். மென்மையான பிவிசி உறுப்புகளிலிருந்து, அவற்றை மிருதுவாக வைத்திருக்கும் சேர்மம் காலப்போக்கில் கசிந்து வெளியே வரும். அலமாரியில் பல ஆண்டு நின்ற பொம்மையின் கால் பிசுபிசுப்பது அழுக்கினால் மட்டும் அன்று. இளஞ்சூட்டு நீரில் கொஞ்சம் சோப்புப் போட்டுக் கழுவினால் சில காலத்துக்குச் சரியாகும், பிறகு மீண்டும் வரும். 1980களின் இறுதியில் பொன்னிறத் துகள் கலந்து வார்த்த சில டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பாகங்கள் விளையாடாமலேயே நொறுங்கும். அவற்றை உருமாற்றிப் பார்க்க ஆசைப்படாமல் இருப்பதே நல்லது. உதிரி ஆயுதங்களைத் தனியே வாங்கும்போதும் கவனம் தேவை. ஒருமுறை ஒரு விற்பனையாளரிடம் அசல் என்று நம்பி வாங்கிய சிறிய துப்பாக்கி நகலாக இருந்தது. அதன் பிடி ஒரு மயிரிழை தடிமன் அதிகம். பழைய ஜி.ஐ. ஜோ ஒன்றின் கையில் செருகினேன், இத்தனை ஆண்டு தாங்கியிருந்த கட்டைவிரல் ஒடிந்துவிட்டது. அந்த வரிசைப் பொம்மைகளுக்குக் கட்டைவிரல்தான் பலவீனமான இடம் என்பது தெரிந்தும் செய்தேன் என்பதால் யாரையும் குறைசொல்லவும் வழியில்லை.

உறை பிரிக்காமல் வைப்பதா, பிரித்து வைப்பதா என்ற விவாதத்தில் நான் பிரிப்பவர்களின் பக்கம். மறு தரப்புக்கும் நியாயம் உண்டு: 2022க்குள் பெட்டிகளில் பிளாஸ்டிக் சாளரத்தைக் கைவிடப்போவதாக 2019இல் அறிவித்து அவ்வாறே மூடிய பெட்டிகளைக் கொண்டுவந்த ஹாஸ்ப்ரோ, உள்ளே இருப்பது தெரியவில்லை என்று எழுந்த முணுமுணுப்புக்குப் பின் 2023இல் சாளரத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. பெட்டியோடு சேர்த்துப் பார்ப்பதே பலருக்குப் பொம்மை.

ஓ-ரிங்குக்கும் ஒரு மறுபிறப்பு வாய்த்தது. ஜி.ஐ. ஜோவின் 25ஆவது ஆண்டையொட்டி 2007இல் வந்த 3.75 அங்குல வரிசை வளையத்தைக் கைவிட்டு, புதிய மூட்டமைப்புக்கு மாறியிருந்தது. அண்மை ஆண்டுகளில், பழைய ரசிகர்களுக்கென்றே, திருகாணியும் வளையமும் கொண்ட பழைய உடலமைப்பில் ஹாஸ்ப்ரோ மீண்டும் சில பொம்மைகளை வெளியிட்டது. அவற்றை வாங்கியவர்களில் எத்தனையோ பேர் அட்டையைப் பிரிக்காமலேயே வைத்திருக்கிறார்கள். ரப்பருக்கு அது தெரியாது. மடங்கினாலும் மடங்காவிட்டாலும் அது காயும். பல்லாண்டுகள் கழித்து யாரோ ஒருவர் அந்தப் பொம்மையை முதன்முறையாக வெளியே எடுத்து, அது இரண்டாகக் கழன்று விழுந்து பதறும்போது, முதுகில் ஒரு திருகாணி இருக்கிறது என்பதை அவருக்கு யாராவது சொல்லி வைத்திருக்க வேண்டும்.